மூன்றாம் திருகுக்கும் நான்காம் திருகுக்கும் நடுவே

கோமதி போய்விட்டார் என்ற செய்தி காளிகாட் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் எனக்குக் கிடைத்தது. கீழே சிக்னல் கிடையாது. பாதிப் படி ஏறியதும் செல்பேசி அடித்தது. எங்கள் ஆய்வுக்கூடத்து மெக்கானிக் ஷ்யாமல்-தா, வங்காள வழக்கில் ஷ்யாமல் அண்ணன். தொலைபேசியில் பேசுகிற ஆளே இல்லை அவர். எதுவானாலும் நேரில் வந்து கதவைத் தட்டித்தான் சொல்வார். "தாதா, கோமதி-தி..." என்றார். அவர் தொலைபேசியில் அழைத்ததே மீதியைச் சொல்லிவிட்டது. பின்னால் வந்த கூட்டம் என்னைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு மேலே போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அந்த நிமிஷம் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. 'ஐயோ, இன்னும் எழுதவில்லையே' என்பதுதான். அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

எதை எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கோமதியைத் தெரிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். கிதிர்பூர் துறைமுகக் குடியிருப்பில் அவரோடு வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். கொலுவுக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சுண்டல் தின்றவர்கள் இருப்பீர்கள். அவரைப் பற்றி நம்மிடையே நெடுநாளாகப் புழங்கிவரும் 'பொட்டுக் கதை' உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். அந்தக் கதையில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவன் நான்.

பத்து நாள் கழித்து ஆய்வுக்கூடத்தில் நினைவுக்கூட்டம் நடந்தது. வங்காளிகள் இதை அழகாகச் செய்வார்கள். படத்தைச் சுற்றிச் சம்பங்கி மாலை; ஒருவர் பாடினார்; பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனவரைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். கோமதியிடம் வேலை பழகிய ஒரு பெண் பொட்டுக் கதையை எடுத்தாள். அளவுகளில் அத்தனை கறாரான கோமதி-தி ஒருமுறை தன் கருவிக்குள்ளேயே சந்தனப் பொட்டு வைத்து, ஐந்து வாரக் கணக்கையும் குட்டிச்சுவராக்கிய கதை. கண்ணில் நீரோடு எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். "அவர் அளந்தால் அளந்ததுதான்" என்று ஒரு வாக்கியம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன்.

கோமதிக்கும் எனக்கும் பழக்கம் தொடங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நான் திருச்சிக்காரன், சென்னையில் முனைவர் பட்டம் முடித்து, ஜாதவ்பூர்ப் பக்கம் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஒப்பந்த வேலையில் வந்தவன். காகிதமும் பென்சிலும்தான் என் கருவிகள். கோமதி அங்கே தாழ்வெப்ப அளவீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர். அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர் என்பதால், ஊரைப் பத்துத் தடவைகூடப் பார்க்காத கோமதி சுத்தமான திருநெல்வேலித் தமிழ் பேசினார். வங்காளத்தை அதைவிட நன்றாகப் பேசினார். எல்லோருக்கும் அவர் கோமதி-தி, அதாவது கோமதி அக்கா. எனக்கு வெறும் கோமதி. நான் அவருக்குச் 'சார்வாள்'. அந்தச் சொல்லில் மரியாதை எத்தனை பங்கு, கேலி எத்தனை பங்கு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

வந்த புதிதில் நான் ஒரு சொற்பொழிவு கொடுத்தேன். எங்கள் துறையின் பெரிய அதிசயத்தைப் பற்றி. குறைக்கடத்தி ஒன்றின் மெல்லிய தளத்தில் எலக்ட்ரான்களை அடைத்து, திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, வலுவான காந்தப்புலத்தில் நிறுத்தி, நீளவாக்கில் மின்னோட்டம் விட்டுக் குறுக்குவாக்கில் மின்னழுத்தத்தை அளந்தால், மின்தடை சீராக ஏறாது. படிக்கட்டு போல ஏறும். ஒவ்வொரு படியின் மதிப்பும் ஏறக்குறைய 25,813 ஓம் என்ற ஒரே எண்ணை ஒன்றாலோ இரண்டாலோ மூன்றாலோ நான்காலோ வகுத்தது. ஜெர்மனியில் அளந்தாலும் அதுதான், ஜாதவ்பூரில் அளந்தாலும் அதுதான். குறைக்கடத்தித் துண்டு கோணலாக இருக்கலாம், அழுக்காக இருக்கலாம், மூலை உடைந்திருக்கலாம், படி அசையாது. காரணம், அந்தப் படிக்குப் பின்னால் இருப்பது ஒரு சுற்று எண்ணிக்கை. கோயிலைப் பிரதட்சிணம் செய்கிறோம். நேராக நடந்தாலும் வளைந்து நடந்தாலும், நடுவில் நின்று தெரிந்தவரிடம் ஊர்க்கதை பேசினாலும், புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்த பின் எத்தனை சுற்று என்று கேட்டால் பதில் முழு எண்தான். இதைத்தான் டோபாலஜி மாறிலி என்கிறோம். இப்படி முழங்கிவிட்டுக் கைதட்டலுக்காக நின்றேன்.

கோமதி பின்வரிசையில் இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு வந்து, "நல்லாச் சொன்னீங்க சார்வாள். சுத்துறது யாருன்னு வெளங்கிட்டு. எண்ணுறது யாரு?" என்றார்.

"மீட்டர்தான்."

"தூர்! மீட்டரு எங்க எண்ணுது? அது வோல்ட்டைக் காட்டும், அம்புட்டுத்தான். எண்ணுறது நீங்க. பத்து வரணும்னு நீங்க ஆசப்பட்டா ஒம்பதும் பத்தாத் தெரியும்."

இதற்குப் பதில் வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைப்பதில்லை.

அவருடைய நோட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காலேஜ் ஸ்ட்ரீட்டில் வாங்கிய, சிவப்புத் துணி அட்டை போட்ட பெரிய நோட்டு. அந்த அறையில் யார் எதைத் தொட்டாலும் அதில் எழுத வேண்டும். பென்சில் ஆகாது, பேனாதான். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஒருமுறை செவ்வாய்க்கிழமை ஹீலியம் மட்டத்தைக் குறிக்க மறந்துவிட்டு, வியாழக்கிழமை உட்கார்ந்து செவ்வாய் தேதி போட்டு எழுதினேன். கோமதி எப்படிக் கண்டுபிடித்தாரோ, மையின் நிறத்தை வைத்தா, என் முகத்தை வைத்தா, தெரியவில்லை. தேதியின் மேல் ஒற்றைக் கோடு போட்டார்.

"வியாழக்கெழமதான எழுதுதீங்க? அப்ப வியாழக்கெழம தேதியப் போடுங்க. செவ்வாக்கெழமைக்கு உள்ளதுன்னு பக்கத்துல எழுதிக்கிடுங்க. லேட்டா எழுதுறது தப்பில்ல சார்வாள். லேட்டுன்னு தெரியாம எழுதுறதுதான் தப்பு."

அப்போது எனக்குச் சொந்தமாக ஒரு கோட்பாடு இருந்தது. துண்டு மிகவும் அழுக்காக இருந்தால் அந்த அசையாத படியும் துளி அசையும் என்று காகிதத்தில் காட்டியிருந்தேன். படியின் மதிப்பில் மிகச் சிறிய பற்றாக்குறை விழும். உயரமான படிக்கு அதிகப் பங்கு, பாதி உயரப் படிக்குப் பாதிப் பங்கு. உலகமே அசையாது என்று சொல்வதை அசைத்துக் காட்டுகிற ஆசை. அதோடு, என் ஒப்பந்தம் வருகிற மார்ச்சில் முடிகிறது. அளவீடு என் பக்கம் வந்தால் நிரந்தரப் பதவிக்குப் பேசலாம் என்று பிரிவின் தலைவர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். வராவிட்டால் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு திருச்சி ரயிலேற வேண்டியதுதான்.

ஆகஸ்டில் கோமதி முதல் சுற்று அளந்தார். பற்றாக்குறை எதுவும் தெரியவில்லை. முழு எண் முழு எண்ணாகவே நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியலன்னா தெரியலன்னு எழுதுவோம். அதுவும் பதில்தான?" என்றார். எனக்கு அந்தப் பதில் வேண்டியிருக்கவில்லை. இன்னும் அழுக்கான துண்டு ஒன்று தருவித்து, பூஜை விடுமுறைக்குப் பிறகு இன்னொரு முறை அளக்கச் சொல்லிக் கெஞ்சினேன். சரி என்றார்.

இடையில் செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. கல்கத்தாவில் அன்றைக்கு வானம் முழுக்கப் பட்டம், பட்டறை முழுக்கச் செந்தூரம். ஷ்யாமல்-தா ஒரு கருவி விடாமல் செந்தூரம் இட்டுக்கொண்டு வருவார். கோமதி தடுக்கமாட்டார், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: மூடிக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், மூடியைத் திறக்கக் கூடாது. நான்தான் டீ நேரத்தில் ஒரு பிரசங்கம் செய்தேன். குவாண்டம் இயற்பியல் அளக்கிற கூடத்தில் செந்தூரமா, வோல்ட்மீட்டருக்கு பக்தி வந்துவிட்டதா என்றெல்லாம் எகிறினேன். ஷ்யாமல்-தா சிரித்துக்கொண்டே எனக்கு இரண்டு சந்தேஷ் இனிப்பு அதிகம் வைத்தார். அந்தப் பிரசங்கத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

அக்டோபரில் துர்கா பூஜை. ஊரே பந்தலில் இருந்தது. விடுமுறை நாள்களில் திரவ நைட்ரஜன் ஊற்றிவிட்டுப் போக ஓர் ஆள் வேண்டும். பந்தல் வேலை இல்லாத ஆள் நான்தான் என்று சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். கோமதி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கரக்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். நவமி அன்று காலை, நமக்கு ஆயுதபூஜை, வீட்டில் புத்தகங்களுக்குப் பொட்டு வைத்து முடித்த கையோடு கிளம்பினேன். மீதிச் சந்தனமும் குங்குமமும் சின்னப் பொட்டலமாக என் சட்டைப் பையில் இருந்தன. தற்செயலாக இருந்தன என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தற்செயல் எல்லாம் இல்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தெருவில் டாக் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் யாருமில்லை. நைட்ரஜன் ஊற்றி முடித்தேன். கருவிகளின் வெளிப்புறம் முழுக்க ஷ்யாமல்-தாவின் செந்தூரம் ஏற்கெனவே இருந்தது. அவற்றின் பக்கத்தில் நான் வேறு எதற்கு என்று தோன்றியது. துண்டிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் வந்து சேருகிற இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு வெள்ளைப் பலகை, அதில் எண் போட்ட பித்தளைத் திருகுகள். மூன்றும் நான்கும்தான் முக்கியம். நாங்கள் அளக்கிற மின்னழுத்தம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டு திருகும் கண்கள் மாதிரியும் நடு இடம் நெற்றி மாதிரியும் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மூடியைத் திருகிவிட்டு வெளியே வந்து, ஜால்முரிக் காரப்பொரி வாங்கித் தின்றபடி வீட்டுக்கு நடந்தேன். நோட்டில் 'நைட்ரஜன் ஊற்றப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

நவம்பரில் இரண்டாம் சுற்று. பற்றாக்குறை வந்தது! இரண்டாம் எண் படியில் பத்தாயிரத்தில் பதின்மூன்று பங்கு. அதில் பாதி உயரமுள்ள நான்காம் எண் படியில் ஏறத்தாழ ஆறரை. சரி பாதி. என் சூத்திரம் சொன்ன அதே பாதி. கைகால் ஓடவில்லை எனக்கு. கூடத்துக்கே சந்தேஷ் வாங்கி வந்து கொடுத்தேன். கோமதி தன் பங்கை வாங்கி மூடி வைத்தார். "இருக்கட்டும். அப்புறமாத் திங்குதேன்."

பிறகு ஐந்து வாரம் அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அழுக்குத் துண்டை எடுத்துவிட்டு நல்ல துண்டை வைத்தார், அதே பற்றாக்குறை. அழுக்குதான் காரணம் என்றால் நல்ல துண்டில் ஏன் வருகிறது என்று கேட்டார். அதற்கும் ஒரு விளக்கம் தயாரித்தேன். கோட்பாட்டுக்காரனுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்? லோட் ஷெட்டிங் ஆகி ஏசி நின்ற நாள்களில் பற்றாக்குறை கூடுகிறது, வெயில் ஏறினால் குறைகிறது என்று நோட்டைப் புரட்டிக் காட்டினார். வெப்பநிலை விளைவு என்றேன். அவர் வாதாடவில்லை. ஒரு நாள் துண்டையே கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஏறக்குறைய இரண்டாம் எண் படியின் அளவே உள்ள சாதாரண மின்தடை ஒன்றைப் பொருத்தியிருந்தார். முதலில் அதை வெளியே வைத்து அளந்து குறித்துக்கொண்டு, பிறகு பெட்டி வழியாக அளந்திருக்கிறார். அதற்கும் பத்தாயிரத்தில் பதின்மூன்று குறைந்தது.

"சார்வாள், இது சாந்தினி மார்க்கெட்டுல வாங்கினது. ரேடியோக்குப் போடுறது. இதுக்குள்ள என்ன டோபாலஜி இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

என்னிடம் விளக்கம் தீர்ந்து போனது அப்போதுதான்.

"தெரிஞ்சதை மொதல்ல கேக்கணும். அதுக்குச் சரியாப் பதில் சொன்னாத்தான் தெரியாததைக் கேக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்து இணைப்புப் பெட்டியைத் திறந்தார். மூடி விலகியது. வெள்ளைப் பலகையில், மூன்றாம் திருகுக்கும் நான்காம் திருகுக்கும் நடுவே, வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கல்கத்தாவின் ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டு, இரண்டு திருகையும் தொட்டபடி உட்கார்ந்திருந்தது. மின்னோட்டத்தில் ஒரு துளி அதன் வழியாகக் கசிந்திருக்கிறது. கசிவு என்றால் உயரமான படியில் அதிகப் பங்கு குறையும், பாதி உயரப் படியில் பாதிப் பங்கு குறையும். ஈரத்தைப் பொறுத்து அளவு கூடும், குறையும்; பாதி மட்டும் பாதியாகவே இருக்கும். என் கோட்பாடு மொத்தமும் அந்தப் பொட்டுக்குள் இருந்தது.

செந்தூரம் என்றால் ஷ்யாமல்-தா. சந்தனத்தின்மேல் குங்குமம் என்றால் நம்மவர். அந்தக் கூடத்தில் தமிழர் நாங்கள் இருவர்தான். திட்டப் போகிறார் என்று நின்றேன். கோமதி குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆவல்தான் இருந்தது.

"நல்லாப் புடிச்சிருக்கே. இந்தச் சந்தனம் எந்தக் கடையில வாங்கினதா இருக்கும்?"

"லேக் மார்க்கெட்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"அப்படியா" என்றார். ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் என் கையில் கொடுத்தார். "நீங்களே தொடச்சிருங்க" என்றவர், நான் குனிந்ததும் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். "ஐயே, இருங்க! அளக்காமத் தொடச்சா எப்படி?" இரண்டு திருகுக்கும் நடுவே மீட்டரை வைத்து அளந்தார். பத்து மெகா ஓமுக்குச் சற்றுக் குறைவு. கணக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. குறித்துக்கொண்ட பிறகுதான் துடைக்க விட்டார்.

மறுநாள் பிரிவுக் கூட்டம். கோமதி வங்காளத்தில் மூன்று வாக்கியம் சொன்னார். இணைப்புப் பெட்டிக்குள் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஐந்து வார அளவுகளையும் அடிக்கிறோம். பெட்டி என் பொறுப்பு. அவ்வளவுதான். வைத்தது தான்தான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு வேறு யார் நினைவுக்கு வருவார்கள்? இன்னொரு தமிழன் செந்தூரத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்த பகுத்தறிவுப் புலி ஆயிற்றே. "கோமதி, நீயுமா?" என்றார் தலைவர். சிரிப்பு எழுந்தது. கோமதி தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவன் ஒரு பற்றாக்குறை வரும் என்று கோட்பாடு எழுதுகிறான். சாவி அவன் கையில் இருந்தபோது பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே வைத்த பொருள் அவன் சொன்ன பற்றாக்குறையை, அவன் சொன்ன விகிதத்திலேயே கொடுக்கிறது. பக்தியில் வைத்தேன் என்றால், அதுவும் நான் சொன்னால், எவன் நம்புவான்? மோசடி என்ற ஒரு சொல் வந்துவிட்டால் இந்தத் துறையில் அதற்குப் பிறகு வாழ்வு கிடையாது. கோமதி அதை என்னைவிட முன்னால் யோசித்திருக்கிறார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய் சொன்னது என் மௌனம்.

பலகையைச் சுத்தம் செய்து மூன்றாம் சுற்று அளந்தோம். முழு எண் திரும்பி வந்து நின்றது. கெட்ட துண்டு, உடைந்த துண்டு, எதை வைத்தாலும் அதே எண். என் கோட்பாடு செத்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தப் பிற்பகல் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. உள்ளே இருந்த எண்ணுக்கு இத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் வெளியே என்ன கூத்தடித்தாலும் அது தன் சுற்றைச் சரியாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதனிடம் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருக்கிறோம். கோமதி மூடி வைத்திருந்த சந்தேஷ் பெட்டியை நினைவு வந்து திறந்தார். புளித்துப் பூஞ்சை பிடித்திருந்தது. "இப்பத்தான் இனிப்புக்கு நேரம் வந்திருக்கு. போயிப் புதுசா வாங்கிட்டு வாங்க" என்று விரட்டினார்.

பற்றாக்குறை இல்லை என்பதையே கட்டுரையாக எழுதினோம். அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. தன் கோட்பாட்டைத் தானே அடித்துக்கொண்ட நேர்மையாளன் என்று எனக்கு நல்ல பெயர் வந்தது. ஒப்பந்தம் நீண்டது, பிறகு பதவியும் வந்தது. கோமதியோ அந்தக் குளிர்காலம் முழுக்க வேறொரு ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். லேக் மார்க்கெட் சந்தனம், காளிகாட் கோயில் வாசல் சந்தனம், வெறும் குங்குமம், ஷ்யாமல்-தாவின் செந்தூரம் எல்லாவற்றையும் பலகைத் துண்டுகளில் இட்டு, எந்த ஈரத்தில் எது எவ்வளவு கசிகிறது என்று அளந்து அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார். கசிவில் முதலிடம் எங்கள் வீட்டுச் சந்தனத்துக்கு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பொட்டுக் கதை சொல்லப்பட்டது. அவர் முன்னாலேயே சொன்னார்கள், என் முன்னாலேயே சொன்னார்கள். அவர் திருத்தவே இல்லை. வருஷத்துக்கு வருஷம் கதைக்குக் கைகால் முளைத்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை எழுதும்போது கை கூசுகிறது.

ஓய்வுபெற்ற பிறகு கோமதி நியூ டவுனில் எட்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டில் இருந்தார். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் போன குளிர்காலத்தில் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். பால்கனியில் ஓர் ஈரமானி தொங்கியது. பேச்சுக்கு நடுவே நடுவே அதை எட்டிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் கோமதி என்னைக் காட்டிக் கொடுக்கல?"

"காட்டிக் கொடுக்க நான் என்னத்தப் பாத்தேன்? நீங்க வச்சத நான் பாக்கலியே. பாக்காதத எப்படிச் சொல்லுவேன்? பெட்டி எனக்குள்ளது. அதச் சொன்னேன்."

"எல்லாரும் உங்களைத்தானே சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும்."

"சொன்னாச் சொல்லட்டும். மொதல்ல பாவமா இருந்துச்சு, கைப்புள்ளக்காரன்னு. பதவி வந்தப்புறம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பொறவு, எத்தன வருசத்துல சொல்லுதாருன்னு பாப்போமேன்னு ஆயிட்டு." சிரித்தார், இருமல் வந்து நின்ற பிறகு தொடர்ந்தார். "நோட்டுல ஒரு எடம் காலியா இருக்கு சார்வாள். நான் எழுத முடியாது. நீங்கதான் எழுதணும்."

எழுதிடறேன் என்றேன். அவசரமில்லை என்றார். வாசல்வரை வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, "தேதி மட்டும் சரியாப் போடுங்க" என்றார். அடுத்த வாரமே போவதாகத்தான் இருந்தேன். ஏதோ பரீட்சைத்தாள், ஏதோ கூட்டம். பிறகு காளிகாட் படிக்கட்டு.

நேற்று ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பழைய நோட்டுகளை ஷ்யாமல்-தா இரும்பு அலமாரியில் பாச்சை உருண்டை போட்டு அடுக்கி வைத்திருக்கிறார். அந்த ஆண்டின் சிவப்பு நோட்டை எடுத்துத் தந்தார். பக்கத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ஐந்து வார அளவுகள் மீதும் ஒற்றைக் கோடு. ஒவ்வோர் எண்ணும் இன்னும் படிக்கத் தெரிகிறது. கீழே கோமதியின் குண்டு எழுத்தில், ஆங்கிலத்தில்: திருகு மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே சந்தனம், குங்குமம். கசிவு மின்தடை இவ்வளவு. துடைக்கப்பட்டது. அதற்குக் கீழே 'வைத்தவர்' என்று எழுதி, ஒரு கோடு இழுத்து, காலியாக விட்டிருந்தார். அந்த நோட்டு முழுவதிலும் காலியாக விட்ட இடம் அது ஒன்றுதான்.

என்னைப் போன்ற அவசரக்காரன் கோமதியிடமிருந்து எடுத்துக்கொண்டது அதிகமில்லை. தெரிந்ததை முதலில் கேட்கப் பழகினேன். துடைப்பதற்கு முன் அளக்கப் பழகினேன். மூன்றாவதைப் பழக இத்தனை காலம் ஆனது. பேனாவைத் திறந்து அந்தக் கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன். ஷ்யாமல்-தா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தார். நான் தேதி எழுதத் தொடங்கியபோது, "இன்றைய தேதியா தாதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்றேன். பக்கத்தின் தலையில் கோமதி போட்ட தேதி இருக்கிறது, அடியில் நான் போட்ட தேதி இருக்கிறது. நடுவில் எத்தனை வருஷம் என்று யார் வேண்டுமானாலும் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.